இனி அண்ணி என்று எழுதலாமா

பிப்ரவரி 2, திங்கள்
மலை நகரம், ஸ்டேஷன் எதிரில் உள்ள விடுதி

கிளட்சு,

'அன்புள்ள' போட மனம் வரவில்லை. முதலில் போட்டுவிட்டு அடித்தேன். அடித்தது உனக்குத் தெரியக் கூடாதென்று வேறு தாள் எடுத்தேன். இன்றைக்கு உனக்கு அவ்வளவுதான் மரியாதை.

நேற்றுக் காலை நான்காவது பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஏழு மணியிலிருந்து நின்றேன். வண்டி எட்டு இருபதுக்கு. எட்டுப் பத்துக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எட்டுப் பதினைந்துக்கு மறுபடி செய்தேன், நீ கட் செய்தாய். எடுக்காமல் இருப்பது வேறு, கட் செய்வது வேறு. கட் செய்ய ஒரு விரலாவது வேண்டும்.

கார்டு கொடியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏறுறீங்களாம்மா, இல்லையா?" என்றார். ஏறிவிட்டேன். ஏன் ஏறினேன் என்று இன்னும் தெரியவில்லை. பெட்டி ஏற்கெனவே உள்ளே இருந்தது, அதனால்தான் போலிருக்கிறது.

மூன்றாவது ஸ்டேஷன் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். "இன்னொருத்தங்க எங்கம்மா?" என்றார். தெரியவில்லை என்றேன்.

"தெரியலைன்னு போட எங்கிட்ட கட்டம் இல்லம்மா. வந்தாங்க, வரலை. ரெண்டே கட்டம்தான்."

"வரலைன்னே போட்டுக்குங்க," என்றேன். அரை மணி நேரத்தில் உன் கீழ் படுக்கையில் ஒரு விதை வியாபாரி வந்து உட்கார்ந்துவிட்டார்.

நவம்பரில் எனக்கும் உன் அண்ணனுக்கும் விவாகரத்து முடிந்து கோர்ட் படியில் இறங்கும்போது, "அவன் போனா போறான் அண்ணி, நாம போலாம்" என்று சொன்னது நீ. இருபது நாள் சுற்றுப் பயணச்சீட்டு எடுக்க வரிசையில் நின்றதும் நீதான். மலை, காடு, வறண்ட சமவெளி, ஏரிகள், கடல். ஒரே நாட்டில் இருந்துகொண்டு நாம் இரண்டு பேரும் ஐம்பது மைல் தாண்டிப் போனதில்லை என்று கணக்குச் சொன்னதும் நீ.

மலை நன்றாகத்தான் இருக்கிறது. அடிவாரத்தில் இறங்கி ஒரு பொடி ரயிலுக்கு மாற வேண்டும். இன்ஜின் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளுகிறது. ஒவ்வொரு குகையிலும் எல்லோரும் கத்துகிறார்கள், வெளியே வந்ததும் கத்தாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். எதிரில் வயதான தம்பதி. பெரியவருக்கு மேல் பல்செட் சரியாக உட்காரவில்லை. தண்டவாளம் தடக் என்றால் அவர் வாயும் தடக் என்கிறது. நான் பல்செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறவள், சும்மா இருக்க முடிகிறதா? கழற்றித் தாருங்கள், இராவித் தருகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் என்னைக் கிள்ளியிருப்பாய்.

போனை அணைத்துப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். போனில் நீ அழுவாய், நான் கரைந்துவிடுவேன். தாளில் அழுதால் எனக்குக் கேட்காது. அதனால் எழுது. வியாழக்கிழமை காட்டு விடுதியில் இருப்பேன், எல்லா விடுதி முகவரியும் உன்னிடம் இருக்கிறது. வீட்டுக்கு எழுதினால் அத்தை பிரித்துவிடுவார், அதனால் இதை உன் டிரைவிங் ஸ்கூலுக்கு அனுப்புகிறேன்.

காரணம் சொல். நல்ல காரணமாகச் சொல்.

அண்ணி


பிப்ரவரி 4, புதன்
டிரைவிங் ஸ்கூல்

அன்புள்ள அண்ணி,

நீங்கள் போடாவிட்டாலும் நான் போடுவேன்.

அம்மா விழுந்துவிட்டார்கள். ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குக் குளியலறையில். நான் பெட்டியைப் பூட்டிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன், உள்ளே தொப்பென்று சத்தம். சோப்புத் தண்ணீர் வாசல் வரை வந்திருந்தது. வலது இடுப்பு. தூக்கி வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அந்த வண்டியில் எத்தனையோ பேருக்கு நிதானமாக ஓட்டுங்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அன்றைக்கு மட்டும் மூன்று சிக்னலை மதிக்கவில்லை. உங்கள் போன் வந்தபோது டாக்டர் பேசிக்கொண்டிருந்தார், பதற்றத்தில் கை பட்டுக் கட் ஆகிவிட்டது. அப்புறம் கூப்பிட்டேன், உங்கள் போன் அணைந்திருந்தது.

எலும்பு முறியவில்லை, விரிசல்தான். ஆறு வாரம் படுக்கையில் இருக்க வேண்டும் என்றார்கள். பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் பாட்டுக்கு ஊர் பாருங்கள். இரண்டு பேர் பார்க்க வேண்டியதை ஒருத்தராகப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. புதிதாக ஒரு வங்கி மேனேஜர் சேர்ந்திருக்கிறார். வலது பக்கம் திரும்பும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். ஏன் சார் என்றால், "பயமா இருக்கும்மா, அதான்" என்கிறார். எதிரே வரும் லாரிக்காரர்களுக்கும் அதே பயம்தான்.

கோபம் தணிந்ததா அண்ணி? விதை வியாபாரி குறட்டை விட்டாரா?

கிளட்ச்


பிப்ரவரி 6, வெள்ளி
காட்டு விடுதி

அன்புள்ள கிளட்சு,

போட்டுவிட்டேன், பார்த்தாயா? முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. நீ அங்கே அத்தையைத் தூக்கிக்கொண்டு ஓட, நான் இங்கே விரலுக்குக் கணக்குக் கேட்டிருக்கிறேன்.

குளியலறையில் கைப்பிடி போடச் சொல்லி எத்தனை தடவை உன் அண்ணனிடம் சொல்லியிருப்பேன். அது கிடக்கட்டும். வலது இடுப்பு என்றால் அத்தை எப்படித் தூங்குகிறார்? இடது பக்கம் படுத்தால் அவருக்கு மூச்சு முட்டும். மல்லாந்து படுக்கவைத்து முழங்காலுக்கு அடியில் தலையணை வை. சுண்ணாம்புச் சத்து மாத்திரையை முழுங்கியதாகச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியே எறிவார், பக்கத்தில் நின்று விழுங்கவை.

இங்கே வந்த ரயில் காட்டுக்குள் நுழைந்ததும் மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. மிருகங்கள் தண்டவாளத்தைத் தாண்டும் என்பதால் அப்படித்தான் ஓட்ட வேண்டுமாம். ஓரிடத்தில் முழுசாக நின்றோம். ஒரு மான் கூட்டம் வழியில் நின்று எங்களைப் பார்த்தது. கடைசி மான் மட்டும் போக மனமில்லாமல் நின்று நின்று போனது. 'இவளைப் பாரு, லேட்டு லேட்டு' என்று நீ சொல்லியிருப்பாய். உன் குரலிலேயே கேட்டது.

இப்போது முக்கியமான விஷயம். நான் திரும்பி வருகிறேன். ஞாயிறு அன்று சமவெளி ஊருக்குப் போகிறேன், அங்கிருந்துதான் நம் ஊருக்கு நேர் வண்டி, அதுவும் வாரத்தில் புதன் ஒரு நாள்தான். புதன்கிழமை மதியம் கிளம்பினால் வியாழன் மதியம் வீட்டில் இருப்பேன். பகலில் நீ ஸ்கூலுக்குப் போய்விட்டால் படுத்த படுக்கையாக இருப்பவரை யார் பார்ப்பார்கள்? உன் அண்ணனுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கத் தெரியாது. லேபில் இருபது நாள் லீவு இருக்கிறது, அதை அத்தையோடு கழிக்கிறேன்.

கோர்ட்டுக் காகிதம் எனக்கும் உன் அண்ணனுக்கும் நடுவில்தான். ஒன்பது வருஷம் நானும் அத்தையும் ஒரே அடுக்களையில் நின்றிருக்கிறோம், அதை எந்த நீதிபதியும் ரத்து செய்யவில்லை. அத்தைக்குப் போன் செய்யலாம் என்று பெட்டியடியிலிருந்து எடுத்தேன். கேட்டால் வராதே என்பார். அதனால் மறுபடி உள்ளே போட்டுவிட்டேன். நேரே வந்து நிற்கிறேன், என்ன செய்வார் பார்ப்போம்.

அண்ணி


பிப்ரவரி 9, திங்கள்
டிரைவிங் ஸ்கூல்
(கூரியரில்)

அண்ணி,

வராதீர்கள். இது புதன் மதியத்துக்குள் உங்கள் கையில் சேர வேண்டும் என்று கூரியர்காரரிடம் மூன்று தடவை சொல்லி அனுப்புகிறேன்.

அம்மா விழவில்லை. அம்மாவுக்கு ஒன்றுமில்லை. இந்த நிமிஷம் வீட்டில் நன்றாக நடந்துகொண்டிருக்கிறார்கள்.

அண்ணனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது.

இந்த வரியை எழுதிவிட்டு வெளியே போய் ஒரு மாணவருக்கு முழு வகுப்பு எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று நினைவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். அவனுக்கு ஒருத்தி இருக்கிறாள். அவன் ஆபீஸுக்கு எதிர்க் கட்டடத்தில் கண்ணாடிக் கடையில் கண் சோதனை செய்கிறவள். எனக்குப் போன ஜூலையில் தெரியும். அப்போதே அவளுக்கு மூன்றாவது மாதம். அம்மா என்னிடம் சொல்லி, தலையில் கை வைத்து வாக்கு வாங்கினார்கள். "அவ காதுக்குப் போக வேண்டாம்டி. ஏற்கெனவே ஒண்ணைப் பறிகொடுத்தவ. தாங்க மாட்டா" என்றார்கள். உங்களுக்காகத்தான் மறைக்கிறோம் என்று நானும் நம்பினேன். நவம்பரில் கோர்ட் பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே, அன்றைக்கும் தெரியும். 'எனக்குக் குடும்பம்னு ஒண்ணு ஒத்துவரலை, தனியா இருக்கணும்' என்று அவன் உங்களிடம் சொன்னதை நீங்கள் எனக்குத் திருப்பிச் சொல்லி, "பாவம், அவரும் நம்ம புள்ள போனதுல உடைஞ்சுட்டார்போல" என்றீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு எதைப் பிடிப்பது?

பயணத்தன்று காலை பெட்டியைப் பூட்டியது உண்மை. அம்மா போனும் கையுமாக வந்து நின்றார்கள். "அவளுக்கு வலி எடுத்துடுச்சாம். உங்கண்ணனுக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. நீ வண்டியை எடு" என்றார்கள். எனக்கு எட்டு இருபதுக்கு ரயில் என்றேன். "ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டு அப்படியே ஸ்டேஷனுக்குப் போயேன்" என்றார்கள். அப்படியே போகலாம் என்றுதான் பெட்டியையும் வண்டியில் ஏற்றினேன்.

ஏழு நாற்பதுக்குப் பிறந்தது. பெண். நர்ஸ் துணியில் சுற்றிக்கொண்டு வந்து அண்ணனிடம் நீட்டினார். அவன் ஓரடி பின்னால் போய்விட்டான், பயந்துவிட்டான். "நீங்க வாங்கிக்கிறீங்களா?" என்று என்னிடம் நீட்டினார். வாங்கினேன்.

அங்கேயிருந்து ஸ்டேஷன் பதினைந்து நிமிடம். வண்டியின் சாவி என் பையில் இருந்தது. சுவரில் கடிகாரமும் இருந்தது. உங்கள் முதல் போனுக்குப் பிள்ளை திடுக்கிட்டது, இரண்டாவது போனைக் கட் செய்தேன். அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடியிருக்கலாம். இதை மட்டும் மறைக்க மாட்டேன் அண்ணி. கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, அதை நான் சொல்லிக்காட்டக் கூடாது என்றும் தெரியும்.

கிளட்ச்


பிப்ரவரி 11, புதன்
சமவெளி ஊர்

கூரியர் வந்தபோது பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

நான் திரும்பவில்லை. பயணச்சீட்டில் உள்ளபடி போகிறேன்.

அத்தைக்கு ஒன்றுமில்லை என்பதில் நிம்மதி.


பிப்ரவரி 14, சனி
ஏரிக்கரை விடுதி

கிளட்சு,

மூன்று நாள் எழுதவில்லை. எழுதினால் என்ன வரும் என்று பயமாக இருந்தது.

சமவெளி ஊரில் உன் கடிதத்துக்குப் பிறகு ஒன்றரை நாள் இருந்தேன். அங்கே மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. காற்று காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் வரை ஒரே பக்கமாக அடிக்கிறது. ஜன்னலை அடைத்து இடுக்கில் துணி திணித்தாலும் மேஜைமேல் விரலால் எழுதுகிற அளவுக்குப் புழுதி. விடுதிக்கார அம்மா தினம் மூன்று தடவை துடைக்கிறார். "எதுக்குங்க, மறுபடி வரத்தானே போகுது" என்றேன். "வரட்டும். நான் துடைக்கலைன்னா அது ஜெயிச்சிடும்ல" என்றார். அவருக்கு முன்பல் இரண்டு இல்லை. சிரித்தால் கையால் மறைக்கிறார். லேப் முகவரி கொடுத்திருக்கிறேன்.

அன்று அழவில்லை. ரயிலில்தான் அழுதேன். வறண்ட மண் முடிந்து தண்ணீர் ஆரம்பிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. நீளப் பாலம், இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை ஏரி. ஜன்னலிலிருந்து பார்த்தால் தண்டவாளம் தெரியாது, தண்ணீர்மேல் போகிற மாதிரி இருக்கும். எல்லோரும் எழுந்து ஜன்னலுக்கு ஓடினார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள், "என்ன பார்க்கலியா? எத்தனை பிள்ளைங்க உங்களுக்கு?" என்றார். இரண்டையும் ஏன் சேர்த்துக் கேட்டார் என்று தெரியவில்லை. இத்தனை வருஷமும் இல்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அன்று, "ஒண்ணு. இருந்திருந்தா நாலு வயசு" என்றேன். அவர் பையிலிருந்து ஓர் ஆரஞ்சு எடுத்தார். ஆரஞ்சை உரித்து நார் எடுத்துப் பாதியை என் கையில் வைத்தார். அதற்குத்தான் அழுகை வந்தது. பாலம் முடிகிற வரை நிற்கவில்லை.

ஏழாம் மாதத்தில் அது போனபோது உன் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வெளியே டீக்கடையில் நின்றான். உள்ளே இருந்தவள் நீ. முகம் பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது, "அவங்க பார்க்கட்டும். அவங்க பிள்ளை" என்று சண்டை போட்டவள் நீ. நீயும் பார்த்தாய். இந்த உலகத்தில் என் மகளின் முகம் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். அதனால்தான் சொல்கிறேன், உன் அண்ணன் எனக்குச் செய்தது பெரிதாகத் தெரியவில்லை. அவன் பொய் சொன்னான், அவன் அப்படித்தான். நீ ஏழு மாதம் என்னோடு டீ குடித்தாய், என் தலையணையில் தலை வைத்துப் படுத்தாய், வரைபடத்தில் ஊர் ஊராகச் சிவப்பு மையால் வட்டம் போட்டாய். அந்த ஏழு மாதத்தில் நான் சிரித்ததையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். எதில் நீ என்னோடு சேர்ந்து சிரித்தாய், எதில் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாய் என்று பிரிக்கத் தெரியவில்லை.

தாங்க மாட்டாள் என்று முடிவு செய்ய நீங்கள் யார்? இதோ, தாங்கிக்கொண்டு படகில் போகிறேன். இன்றைக்கு நான்கு தீவு பார்த்தேன். படகுக்காரர் எனக்குத் துடுப்பைக் கொடுத்து வட்டமாகச் சுற்றவிட்டுச் சிரித்தார்.

நீ மறைக்காமல் எழுதிய அந்த ஒரு வரியை நூறு தடவை படித்துவிட்டேன். கொடுக்க மனம் வரவில்லை என்று எழுதினாயே. எனக்கு அது புரிகிறது. புரியாமல் இருந்திருந்தால் உன்னைத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

குழந்தை எப்படி இருக்கிறது என்று எழுதாதே. கேட்டுவிடுவேனோ என்றுதான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

அண்ணி


பிப்ரவரி 16, திங்கள்
டிரைவிங் ஸ்கூல்

அண்ணி,

இனி அண்ணி என்று எழுதலாமா என்று கேட்டுவிட்டு எழுத வேண்டுமோ? நீங்கள் கடிதத்தின் அடியில் அப்படித்தான் போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்த தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் உங்களைப் பரிதாபமாகப் பார்த்ததில்லை. பயந்து பயந்துதான் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வருவேன். நீங்கள் கதவைத் திறந்து, "வா, உனக்காகத்தான் டீயே போடாம இருக்கேன்" என்பீர்கள். சரி, டீ குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று உட்காருவேன். அந்த டீ ஏழு மாதம் ஆகிவிட்டது. பயணத்தில் சொல்லிவிடலாம் என்று கடைசியில் முடிவு செய்திருந்தேன். காட்டிலோ ஏரியிலோ, நீங்கள் சந்தோஷமாக இருக்கிற ஒரு நாளில். சந்தோஷமாக இருக்கும்போது சொல்ல நினைத்தேன் பாருங்கள், என் புத்தி அப்படி.

நீங்கள் எழுதாதே என்றதை எழுத மாட்டேன். வீட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. அவனும் அவளும் இப்போது அம்மா வீட்டில்தான் இருக்கிறார்கள், மாடி அறையில். நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்கிறேன். அவள் கெட்டவள் இல்லை அண்ணி. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளிடமும் அவன், முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறான். நேற்று என்னிடம், "அவங்க எப்படி இருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். பயணம் போயிருக்கிறார்கள் என்றேன்.

அவளை எப்படிக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை. 'இந்தாங்க', 'இங்க பாருங்க', 'ஒரு நிமிஷம்' என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மாடியில் இருப்பவளைச் சாப்பிடக் கூப்பிட மாடி வரை ஏறி முகத்துக்கு நேரே நின்று, "சாப்பாடு" என்கிறேன். அம்மாவுக்குக் கோபம். "வாய்ல என்ன கொழுக்கட்டையா? அண்ணின்னு கூப்பிட்டா முத்து உதிர்ந்துடுமா?" என்கிறார்கள். உதிர்ந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறேன். அந்த வார்த்தை என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை உங்கள் திரும்பும் வண்டி காலை பத்தே காலுக்கு ஜங்ஷனுக்கு வரும். இன்ஜின் மாற்ற இருபத்திரண்டு நிமிடம் நிற்கும். நான் முதல் பிளாட்பாரத்தில், பெரிய கடிகாரத்துக்குக் கீழே உள்ள பெஞ்சில் இருப்பேன். ஒரு நாள் லீவு சொல்லியாகிவிட்டது. அங்கிருந்து நம் ஊருக்கு நான்கு மணி நேரம். உங்களோடு அந்த நான்கு மணி நேரம் வர எனக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். பேச வேண்டாம். என் பக்கம் திரும்பக்கூட வேண்டாம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வாருங்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஆனால் நீங்கள் கூப்பிட்டால்தான் ஏறுவேன். பெட்டி பெட்டியாக வந்து தேட மாட்டேன், அந்த உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். ஜன்னலிலிருந்து ஒரு கை காட்டினால் போதும்.

கிளட்ச்


பிப்ரவரி 22, ஞாயிறு
என் அறை

அன்புள்ள கிளட்சு,

நீ வந்திருந்தாய். நான் பார்த்தேன். பார்க்கவில்லை, வண்டி மாறிவிட்டேன், தூங்கிவிட்டேன் என்று ஏதாவது எழுதலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். நமக்குள் பொய் போதும்.

உன் கடிதம் கடற்கரை விடுதிக்குப் புதன் மாலை வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே கடல் பார்த்தேன். அந்த ஊரில் தண்டவாளம் மணலில் போய் முடிகிறது. அதற்குமேல் போக இடமில்லை என்று ஒரு மரக்கட்டையைக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டையில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை உன்னைக் கூப்பிட்டுக்கொள்வது என்று முடிவு செய்தேன். ரயிலில் உனக்காக எதிர் ஜன்னலோரத்தைக்கூடப் பிடித்து வைத்தேன். பையை வைத்து, யாராவது கேட்டால், "வர்றாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மலைக்குப் போகும்போது பரிசோதகரிடம் சொல்ல முடியாததை இப்போது பெட்டியில் எல்லோரிடமும் சொன்னேன்.

வண்டி ஜங்ஷனில் நுழையும்போதே தெரிந்தாய். பெஞ்சில் உட்காரவில்லை, கடிகாரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாய். பச்சைச் சட்டை. இளைத்திருந்தாய். ஒவ்வொரு ஜன்னலாக உன் கண் வந்தது. என் பெட்டி உன்னைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நின்றது. நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். உன் இரண்டு கையும் காலியாக இருந்தது. ஆனால் நீ ஆடிக்கொண்டிருந்தாய். இடது காலிலிருந்து வலது காலுக்கு, வலதிலிருந்து இடதுக்கு, மெதுவாக, நிற்காமல். தோளில் ஒரு பிள்ளை தூங்குகிற மாதிரி. நீ அதைச் செய்கிறாய் என்று உனக்கே தெரிந்திருக்காது. மூன்று வாரம் அந்தப் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த உடம்பு, அது இல்லாதபோதும் ஆடுகிறது.

என்னால் இறங்க முடியவில்லை.

கோபம் இல்லை, நம்பு. நீ அங்கே நின்றது அவ்வளவு அழகாக இருந்தது. என் பிள்ளைக்காக நீ இப்படி நின்றிருக்க வேண்டியது என்று நினைத்துவிட்டேன். அதற்குப் பிறகு கை எழவில்லை. உள்ளே வந்து ஜன்னல் பலகையை இறக்கிவிட்டு, இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சீட்டுப் பெண், "வர்றாங்கன்னீங்களே, வந்துட்டாங்களா?" என்றாள்.

"வந்திருக்காங்க."

"ஏறலையா?"

"இல்லம்மா. வேலை இருக்கு அவங்களுக்கு," என்றேன்.

கடைசி ஐந்து நிமிடம் நீ கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. வண்டி நகர்ந்ததும் இரண்டு அடி கூடவே நடந்தாய், அப்புறம் நின்றுவிட்டாய். நான் பலகையைத் தூக்கினேன். உனக்குத் தெரிந்திருக்காது, அதற்குள் தூரம் வந்துவிட்டது. நான்கு மணி நேரமும் அந்தச் சீட்டில் யாரையும் உட்காரவிடவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். அவளை அண்ணி என்று கூப்பிடு. அந்த வார்த்தையை எனக்காகப் பூட்டி வைத்தால் அங்கே ஒருத்தி பெயரில்லாமல் வீட்டுக்குள் நடமாடுவாள். பிள்ளை வளர்ந்து காது கேட்கிற வயதில், தன் அம்மாவை எல்லோரும் 'இந்தாங்க' என்று கூப்பிடுவதைக் கேட்க வேண்டாம். முதல் தடவை தொண்டையில் சிக்கும். மாடிக்கு ஏறாமல், கீழேயிருந்தே கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடு. முகத்தைப் பார்க்காமல் சொன்னால் சுலபம்.

எனக்கு இப்போதைக்கு எழுதாதே. வராதே. எத்தனை நாள் என்று கேட்காதே, எனக்குத் தெரிந்தால் சொல்லமாட்டேனா? நாளை லேபுக்குப் போகிறேன். இருபது நாள் வேலை குவிந்திருக்கும், எத்தனையோ பேர் பல் இல்லாமல் காத்திருப்பார்கள்.

இன்னொன்று. மூன்று வாரக் குழந்தைகளுக்குச் சாயங்காலம் ஐந்து ஆறு மணிக்குக் காரணமில்லாமல் அழுகை வரும். பசி என்று நினைத்து மறுபடி மறுபடி பால் கொடுப்பார்கள். பசி இல்லை, வயிற்றில் காற்று. உன் இடது முன்னங்கையில் குப்புறப் படுக்கவை. தலை முழங்கை மடிப்பில் வரட்டும், முகம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கட்டும், உள்ளங்கை தொடைக்கு நடுவில் தாங்கிக்கொள்ளட்டும். வலது கையால் முதுகை மேலிருந்து கீழே, மெதுவாக. தட்டாதே, தடவு. பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். ஆறாம் மாதத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு பொம்மையை வைத்து எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்கள் கூச்சப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நன்றாகச் செய்கிறேன் என்று நர்ஸ் சொன்னார்.